இரண்டாம் மெட்டு

1845-இல் ஜெர்மனியில் ஓர் இசைப் பாடநூலின் மூன்றாம் பாகம் வெளிவந்தது. எழுதியவர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸ். (நமக்குத் தெரிந்த மார்க்ஸ் அல்ல, இவர் வேறு.) ஒரு படைப்புக்குள் இரண்டு மெட்டுகள் எப்படி எதிரெதிரே நிற்க வேண்டும் என்று அதில் மாணவர்களுக்கு விளக்குகிறார். முதல் மெட்டு முதலில் பிறந்தது. எனவே வீரியமும் உறுதியும் கொண்டது, தன்னில் தானே நிற்பது. இரண்டாம் மெட்டு அதற்குப் பிறகு, அதைச் சார்ந்து, அதற்கு எதிர்நிலையாகப் பிறப்பது. எனவே மென்மையானது, வளைந்து கொடுப்பது. இந்த வேறுபாடு மாணவர் மனத்தில் பதிவதற்காக அவர் தேர்ந்தெடுத்த உவமை, முன்னது ஆண், பின்னது பெண் என்பது.

உவமைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பாடநூல் உவமைக்கு ஆயுள் கெட்டி. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, அந்த மாணவர் ஆசிரியரானதும் அடுத்த மாணவருக்கு என்று நூறு ஆண்டுகளுக்கும் மேல் இது கைமாறியது. இசையில் உணர்ச்சிகளின் முரண் என்று பேசும்போதெல்லாம் இந்த ஆண்-பெண் ஜோடி கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

சிம்பொனி என்ற சொல் தமிழருக்குப் புதிதல்ல. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது அது வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. ஆனால் சிம்பொனிக்குள் என்ன நடக்கிறது என்பது நம் பேச்சில் அரிதாகவே வருகிறது. ஹைடன், மோஸார்ட், பீத்தோவன் காலத்துச் சிம்பொனியின் முதல் பகுதியை எளிமையாகச் சொன்னால் இப்படி வரும். ஒரு ஆதார சுருதியில் முதல் மெட்டு ஒலிக்கும். பிறகு இசை மெல்ல வேறொரு சுருதிக்கு நகர்ந்து, அங்கே இரண்டாம் மெட்டு ஒலிக்கும். பெரும்பாலும் குணத்திலும் இது மாறுபட்டதாக இருக்கும். அதன்பின் இரண்டையும் துண்டு துண்டாக்கி, மோதவிட்டு, பல சுருதிகளில் அலையவிடுவார்கள். கடைசியில் இரண்டும் முழுசாகத் திரும்ப வரும். ஆனால் இம்முறை இரண்டாம் மெட்டும் முதல் மெட்டின் சுருதியிலேயே ஒலிக்கும். பிறந்த சுருதியை விட்டுப் புகுந்த சுருதிக்கு வந்துவிடும்.

'புகுந்த' என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மார்க்ஸ் போட்ட விதை அந்தத் திசையில்தான் வளர்ந்தது. மார்க்ஸ் குறைந்தபட்சம் இரண்டு மெட்டுகளும் சேர்ந்தால்தான் முழுமை என்றாவது சொன்னார். 1909-இல் பாரிஸில் தன் இசையமைப்புப் பாடநூலின் இரண்டாம் தொகுதியை வெளியிட்ட வான்சான் தாந்திக்கு அந்தத் தயக்கமும் இல்லை. மென்மையும் பலவீனமும் கொண்ட மெட்டு, கடும் போருக்குப் பிறகு, வலிமை கொண்ட மெட்டுக்கு அடங்க வேண்டும், அது வன்முறையால் நடந்தாலும் சரி, இணங்க வைத்து நடந்தாலும் சரி என்கிற தொனியில் எழுதுகிறார். இசை இலக்கணப் புத்தகத்தில் இப்படி ஒரு முதலிரவு.

தாளத்திலும் இதே கதைதான். ஒரு இசைத்தொடர் வலுவான தட்டில் முடிந்தால் அது ஆண் முடிவு, வலுக் குறைந்த தட்டில் முடிந்தால் பெண் முடிவு என்று மேற்கத்திய இசை அகராதிகள் நெடுங்காலம் எழுதின. பிரெஞ்சு யாப்பில், ஒலிக்காத 'எ'கரத்தில் முடியும் சொற்களைப் பெண்பால் எதுகை என்று அழைத்த பழைய வழக்கம் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரு மொழியின் சொல் விகுதி, போகிற போக்கில் பலவீனத்தின் இன்னொரு பெயராகிவிட்டது. நம் இலக்கணத்திலும் எழுத்துகளுக்கு வல்லினம், மெல்லினம், இடையினம் உண்டு. நல்லவேளை, யாரும் அவற்றுக்கு ஆண், பெண் என்று பெயர் வைக்கவில்லை. மெல்லினம் வல்லினத்துக்கு அடங்க வேண்டும் என்றும் எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

1991-இல் அமெரிக்க இசையியலாளர் சூசன் மெக்கிளாரி 'பெண்பால் முடிவுகள்' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட நூல், இந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக் கேள்வி கேட்டது. இசை தூய ஒலி, அதில் உடலும் அதிகாரமும் இல்லை என்று நம்பியிருந்த துறையில் அது பெரும் சலசலப்பை உண்டாக்கியது. பீத்தோவனைப் பற்றி அவர் எழுதியவற்றுக்காக அவரைக் கேலி செய்தவர்கள் பலர். சிம்பொனியின் வடிவத்திலேயே ஒரு பாலினக் கதை இருக்கிறது என்ற அவரது வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மீதிப் பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம், பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியே.

1808 டிசம்பர் 22 அன்று, வியன்னாவில், குளிரில் விறைத்த ஓர் அரங்கில், நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட கச்சேரியில் அது முதன்முதலாக ஒலித்தது. அந்த நான்கு தட்டுகள் உலகத்துக்கே தெரியும். மூன்று குட்டை, ஒன்று நீளம், சி மைனரில். அந்தத் தாக்குதல் சற்று ஓய்ந்து ஹார்ன்கள் முழங்கியதும், வயலின்கள் இ ஃபிளாட் மேஜரில் இனிமையாக ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. பாடநூல் பெண் இவள்தான். கூர்ந்து கேட்டால், அவள் பாடும்போதும் கீழே செல்லோக்களும் டபுள் பாஸ்களும் அந்த நான்கு தட்டை அமுக்கமாகத் தட்டிக்கொண்டிருப்பது கேட்கும். அறைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமும் கணவரைப் போல.

ஆனால் அவள் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? ஆதார சுருதி 'சி' என்பது மாறவில்லை. ஆனால் அவள் சி மைனருக்குள் போகவில்லை. சி மேஜரில் பாடுகிறாள். அதே வீடு, ஆனால் விளக்கு வேறு. மூன்று பகுதிகள் கழித்து, சிம்பொனியின் கடைசிப் பகுதியில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வந்து சேருவது அந்த சி மேஜருக்குத்தான். அப்படியானால் யார் யாருக்கு அடங்கினார்கள்? இதற்கு முன்பே இன்னொன்று நடக்கிறது. முதல் மெட்டு திரும்பி வந்து ஆரவாரிக்கும்போது, திடீரென எல்லாம் நின்றுவிடும். ஒரே ஒரு ஓபோ, யாருடைய துணையும் இன்றி, மெதுவாகச் சில சுரங்களைப் பாடும். மிகக் குறுகிய நேரம்தான். மார்க்ஸின் கணக்கிலோ தாந்தியின் கணக்கிலோ இந்த ஓபோவுக்கு இடமே இல்லை. அது இரண்டாம் மெட்டு அல்ல, 'ஆண்' மெட்டின் நடுவிலிருந்தே எழும் தனிக்குரல். ஆர்க்கெஸ்ட்ராவின் அத்தனை வன்மைக்குள்ளும் இருந்த துக்கம் அது. இசை எழுதியவருக்கு உணர்ச்சிகள் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. அவற்றைத் தனித்தனி அறையில் பூட்டிப் பெயர்ப்பலகை மாட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பெயர்ப்பலகை மாட்டுவதற்கு ஒரு வசதியும் இருந்தது. சிம்பொனியின் பெரும் ஓசை உண்மையிலேயே ஆண்கள் கையில்தான் இருந்தது. மென்மைக்கும் வன்மைக்கும் இடையே முரணை எழுத வேண்டுமென்றால் முதலில் வன்மை கைவசம் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள், ஓர் அரங்கம், ஒத்திகைக்குப் பணம், நடத்துநரின் சம்மதம், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பயிற்சி வேண்டும். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வாய்த்தது வரவேற்பறைப் பியானோ.

இந்த இடத்தில் எமீலி மாயரைச் சந்திக்க வேண்டும். வட ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள், 1812-இல் பிறந்தவர். தந்தை இறந்த பிறகு இசையமைப்பு கற்கக் கிளம்பி, 1847-இல் பெர்லினுக்கு வந்தார். அங்கே அவர் யாரிடம் பாடம் கற்றார் தெரியுமா? அதே அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸிடம். இரண்டாம் மெட்டைப் பெண் என்று அச்சில் ஏற்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரில் வந்து உட்கார்ந்த பெண், முதல் மெட்டையும் தானே எழுத வந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல், இசையமைப்பையே தொழிலாகக் கொண்டு எட்டு சிம்பொனிகள் எழுதினார். பி மைனர், எஃப் மைனர் என்று இருண்ட, கொந்தளிக்கும் சுருதிகளை விரும்பித் தேர்ந்தெடுத்தார். 1850 ஏப்ரலில் பெர்லின் அரச நாடக அரங்கில் முழுக்க அவருடைய படைப்புகளுக்காகவே ஒரு கச்சேரி நடந்தது. அவரைப் 'பெண் பீத்தோவன்' என்று அழைத்தார்கள். பாராட்டுதான், ஆனால் பீத்தோவனை யாரும் 'ஆண் மாயர்' என்று அழைத்ததில்லை. (ரொட்டி மாவில் சிற்பம் செய்வதிலும் கெட்டிக்காரர் மாயர். இது கட்டுரைக்குத் தேவையில்லைதான், ஆனாலும் விட மனமில்லை.)

அவருடைய பி மைனர் சிம்பொனிக்கு நேர்ந்தது கவனிக்கத் தக்கது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கான தாள்கள் தொலைந்துவிட்டன. மிஞ்சியது, ஒரே பியானோவில் இருவர் அருகருகே அமர்ந்து வாசிப்பதற்காகச் சுருக்கப்பட்ட வடிவம். வரவேற்பறை வடிவம். நம் காலத்தில் அதிலிருந்துதான் ஆர்க்கெஸ்ட்ரா இசையை மீட்டுருவாக்க வேண்டியிருந்தது. மாயர் எட்டிப் பிடித்த பெரும் ஓசை காணாமல் போய், எந்த அறையிலிருந்து வெளியேறினாரோ அந்த அறையின் வாத்தியத்தில்தான் அவர் படைப்பு பிழைத்துக் கிடந்தது.

பாரிஸில் லூயீஸ் ஃபராங்க் 1840-களில் மூன்று சிம்பொனிகள் எழுதினார். ஜி மைனரில் அமைந்த மூன்றாவது, 1849-இல் கன்சர்வத்வார் கச்சேரிச் சங்கத்தின் மேடையில் ஒலித்தது. அந்தக் கன்சர்வத்வாரிலேயே 1842 முதல் பியானோ பேராசிரியராக இருந்தவர் அவர். பல ஆண்டுகள் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைந்த ஊதியம் வாங்கினார். 1850-இல் தன் ஒன்பது வாத்தியப் படைப்பு பெரும் வெற்றி பெற்றதும், அந்தச் சூட்டோடு சம ஊதியம் கேட்டு, பெற்றார். அமெரிக்காவில் எமி பீச்சின் சிம்பொனியை 1896-இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. அச்சில் அவர் பெயர் திருமதி எச்.எச்.ஏ. பீச். முன்னெழுத்துகள் கணவருடையவை. இந்தத் 'திருமதி'யை நினைவில் வையுங்கள்.

வாசிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 1842-இல் தோன்றிய வியன்னா ஃபில்ஹார்மானிக், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க முடிவெடுத்தது 1997 பிப்ரவரியில். முதலில் உறுப்பினரான ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கெஸ் அதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களோடு வாசித்துக்கொண்டிருந்தவர், உறுப்பினர் என்ற பெயர் இல்லாமலே.

அதற்குள் உலகத்தில் பெரும் ஓசையை உண்டாக்கும் வழி மாறிவிட்டிருந்தது. மின்சாரக் கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் வந்த பிறகு, அறுபது பேர் எழுப்பும் ஓசையை ஒருவர் எழுப்பலாம். சம்மதம் கேட்க வேண்டிய அவசியம் குறைந்தது. இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் கறுப்பினப் பெண்கள் உண்டு. தேவாலயப் பாடலை மின்கிதாரில் அதிரவைத்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் இல்லாமல் ராக் இசையின் பிறப்பை எழுத முடியாது. 'ஹவுண்ட் டாக்' பாடலை 1953-இல் வெற்றிபெறச் செய்தவர் பிக் மாமா தார்ன்டன். மூன்று ஆண்டுகள் கழித்து எல்விஸ் பிரெஸ்லி பாடிய பிறகு உலகம் அதை எல்விஸ் பாட்டாகவே நினைவில் வைத்துக்கொண்டது. ஓசை மலிவானது. மேடையும் ஒலிப்பதிவுக்கூடமும் பெயரும் மலிவாகவில்லை.

உணர்ச்சி முரணுக்கு ராக் கண்டுபிடித்த வழி சிம்பொனியினுடையதற்கு நேர் எதிரானது. சிம்பொனியில் ஓர் உணர்ச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி அமைக்க வேண்டும். சுருதி நகர வேண்டும், வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகவோ சேரவோ வேண்டும். கேட்பவர் அந்தப் பயணத்தைத்தான் கேட்கிறார். 1980-களின் இறுதியில் சில ராக் குழுக்கள் பயணத்தையே தூக்கி எறிந்தன. சரணம் முணுமுணுப்பு, பல்லவி அலறல். நடுவில் ஒன்றுமில்லை. கிதார் கலைஞரின் காலடியில் கிடக்கும் டிஸ்டார்ஷன் பெடலை ஒரு மிதி. சுருதி பெரும்பாலும் மாறுவதே இல்லை. பல பாடல்களில் சரணத்துக்கும் பல்லவிக்கும் ஒரே கார்டுகள்தான். எனவே இரண்டாம் மெட்டு என்ற ஆளே இங்கே கிடையாது. அடக்கி வைப்பவரும் வெடிப்பவரும் ஒருவரே.

இந்த முறையைப் பரவலாக்கிய பாஸ்டன் குழு பிக்ஸிஸ். 1986-இல் பேஸ் கிதார் கலைஞர் தேவை என்று அவர்கள் கொடுத்த விளம்பரத்தில், ஹஸ்கர் டூ என்ற இரைச்சல் குழுவையும் பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மென்மையான நாட்டுப்புறப் பாடல் குழுவையும் ஒருசேரப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதில் போட்டவர் ஒரே ஒருவர், கிம் டீல் என்ற பெண். 1988-இல் வந்த 'சர்ஃபர் ரோசா' தொகுப்பில் 'ஜைஜான்டிக்' பாட்டைப் பாடியவர் அவர். தொகுப்பின் உறையில் அவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: திருமதி ஜான் மர்ஃபி. கணவரின் முழுப்பெயர். எமி பீச்சுக்கு அது காலத்தின் வழக்கம். கிம் டீலுக்கு வேண்டுமென்றே செய்த கிண்டல். கணவர் பெயரால் அழைக்கப்படுவதையே மரியாதையாக நினைத்த ஒரு பெண்மணியோடு பேசியதிலிருந்து அந்த யோசனை வந்ததாம். அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் கிம் டீல் என்றே போட்டுக்கொண்டார்.

பிக்ஸிஸிடமிருந்து இந்த முறையை எடுத்துக்கொண்டதாக நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பேட்டியிலேயே ஒப்புக்கொண்டார். 1991 செப்டம்பரில் வெளியான 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' உலகத்துக்கே இந்த மிதியைக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தலைப்பு வந்த வழி நம் வரலாற்றைச் சேர்ந்தது. ஒலிம்பியா நகரில் ஓர் இரவு, பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா கோபேனின் அறைச் சுவரில் அந்தச் சொற்றொடரை எழுதிவிட்டுப் போனார். டீன் ஸ்பிரிட் என்பது பதின்வயதுப் பெண்களுக்காக விற்கப்பட்ட ஒரு டியோடரன்ட். கோபேனுக்கு அது தெரியவில்லை, புரட்சிகரமான ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டார். ஹன்னா பல ஆண்டுகள் கழித்து மேடையில் சொன்ன கதைப்படி, அன்று மாலை இருவரும் சேர்ந்து, கருக்கலைப்புக்கு உதவுவதாகப் பாவனை செய்து இளம்பெண்களை ஏமாற்றிய ஒரு மையத்தின் சுவரில் கண்டன வாசகங்கள் எழுதிவிட்டு வந்திருந்தார்கள். ஒரு தலைமுறையின் கோபத்துக்குப் பெயரான பாடலுக்குப் பின்னால், பெண்ணுடலைப் பற்றிய அந்த இரவின் கோபம் இருந்தது. பாட்டில் அது கேட்பதில்லை.

அலறும் கோபேன் தன் தலைமுறையின் குரல் ஆனார். அதே ஆண்டுகளில் அலறிய பெண்களுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. பொம்பளை சிரிச்சா போச்சு என்று நம் ஊரில் சொல்வார்கள். அலறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பத்திரிகைகள் பதில் வைத்திருந்தன: வெறி, மனக்கோளாறு, கவன ஈர்ப்பு. கோர்ட்னி லவ்வின் ஹோல் குழு 1994 ஏப்ரலில் வெளியிட்ட தொகுப்பு நன்றாக இருந்ததால், அதைக் கணவர் கோபேன்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற வதந்தி கிளம்பி நெடுநாள் ஓடியது. ஹன்னாவும் தோழிகளும் கச்சேரிகளில் பெண்களை முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள். முட்டி மோதும் ஆண்கள் கூட்டத்தால் பெண்கள் அரங்கின் பின்சுவரோடு ஒதுங்கியே பாட்டுக் கேட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். அந்த இயக்கம் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்களுடையதாகவே இருந்தது என்ற விமரிசனமும் நியாயமானது. தார்ப்பையும் தார்ன்டனையும் நினைத்தால் அது கூடுதலாக உறுத்தும்.

இந்தக் காலத்திலிருந்து ஒரு பாட்டை மட்டும் கேளுங்கள் என்றால் நான் சொல்வது பி.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ'. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வளர்ந்தவர். 1993-இல் இது வெளிவந்தபோது வயது 23. பிக்ஸிஸின் 'சர்ஃபர் ரோசா'வைப் பதிவு செய்த ஸ்டீவ் அல்பினியே இதையும் பதிவு செய்தார். விட்டுப் போகும் காதலனிடம், உன்னை விடமாட்டேன் என்கிறாள் ஒருத்தி. கெஞ்சலா மிரட்டலா என்று தெரியாத குரலில். கிதார் நரம்புகளை உள்ளங்கையால் அமுக்கியபடி, கிட்டத்தட்டக் கேட்காத அளவுக்கு அடங்கிய ஓசையில் பாட்டு தொடங்கி, அதே அடங்கலில் நெடுநேரம் நடக்கிறது. பாடநூல் இந்த மென்மையை உடனே அடையாளம் கண்டு இரண்டாம் மெட்டு என்று பெயர் எழுதிவிடும். பிறகு ஆம்ப்ளிஃபயர் முழுவதும் திறந்துகொள்கிறது. முதலில் கேட்ட மென்மை மென்மையே அல்ல என்பது அப்போதுதான் தெரிகிறது. அது பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம்.

அந்தப் பாட்டில் இன்னொரு குரலும் உண்டு. உச்ச ஸ்தாயியில், மெல்லியதாக, உடல் தகிக்கும் வேட்கையைக் கெஞ்சும் குரல். பலரும் அதையும் ஹார்வியின் குரல் என்றே நினைக்கிறார்கள். பாடுபவர் குழுவின் டிரம்மர் ராப் எல்லிஸ், ஓர் ஆண், கள்ளக்குரலில். ஹார்வி கீழே கரகரத்த குரலில் ஆணையிட, மேலே ஆண் மெலிகிறார். 1845-இன் ஜோடி தலைகீழாகிவிட்டது என்று கைதட்டத் தோன்றும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஹார்வி மென்மையை எல்லிஸிடம் தள்ளிவிட்டுத் தப்பிக்கவில்லை என்பது. முணுமுணுப்பும் அவருடையது, அலறலும் அவருடையது. பீத்தோவனின் ஓபோ ஒரு சில நொடிகள் செய்ததை, அதாவது வன்மையும் துக்கமும் ஒரே உடலில்தான் இருக்கின்றன என்று காட்டியதை, இந்தப் பாட்டு நான்கரை நிமிடம் செய்கிறது. அந்த ஆண்டு வியன்னா ஃபில்ஹார்மானிக்கின் உறுப்பினர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பேருந்திலோ விடுதி அறையிலோ ஹெட்ஃபோனில் கேட்கும்போது, தொடக்கம் காதில் விழாது. பதிவே அவ்வளவு அடங்கியது. எல்லோரும் ஒலியைக் கூட்டுவார்கள். கூட்டாதீர்கள். கேட்கிற அளவுக்குக் கேட்கட்டும். மாயரின் எஃப் மைனர் சிம்பொனியும் ஃபராங்கின் மூன்றாவதும் இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் இதே விதிதான்.